நான் சரிசெய்து கெடுத்த ஒரு வலது தோள்

போன மாதம் என் பழைய கிளினிக்குக்குப் போக வேண்டி வந்தது. ஓய்வு பெற்ற அன்று, இனி இந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரமாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தவள்தான். முழங்கால் விடவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஊரார் மூட்டுகளை மடக்கி நீட்டியவளின் முழங்காலை இப்போது ஒரு கோயம்புத்தூர்ப் பெண் மடக்கி நீட்டுகிறாள். நல்ல பெண். ஆனால் கோணம் அளக்க வேண்டிய நேரத்தில் செல்போனை எடுத்து என் காலில் வைத்தாள். திரையில் ஒரு எண் வந்தது. அது தானாகவே கம்ப்யூட்டருக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

"உங்க டைம்ல பிளாஸ்டிக் ஸ்கேல் வெச்சு மெஷர் பண்ணுவீங்களாமே ஆன்ட்டி? அப்புறம் பேப்பர்ல வேற எழுதணுமா?" என்றாள். பிறகு, சும்மா பேச்சுக்கு, "உங்க கரியர்ல பெஸ்ட் கேஸ் எது ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"நல்லாப் போனவங்க யாரையும் எனக்கு ஞாபகம் இல்லம்மா. அவங்க நடந்து போயிட்டாங்க, திரும்பிப் பார்க்கல. ஒரே ஒருத்தர் தோள் மட்டும் இன்னும் என் கையில இருக்கு" என்றேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்த நோயாளி வந்துவிட்டார். அவளைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் ஓடினேன். சொல்ல ஆரம்பித்ததை முடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. பாளையங்கோட்டையில் பள்ளி, சென்னையில் பிசியோதெரபி. கல்யாணம் பேச வந்தபோது மாமியார் "நர்ஸா?" என்று கேட்டார். இல்லை என்றதும் "அப்ப எண்ணெய் தேய்க்கிற மாலிஷா?" என்றார். தொண்ணூற்று இரண்டில் கலிபோர்னியாவுக்கு வந்தோம். லைசென்ஸ் பரீட்சையில் முதல் தடவை தோற்றேன், இரண்டாம் தடவை தேறினேன். வீடு லிவர்மோரில், வேலை சான் ரமோனில். காலையில் மகள் ரூத்தை டேகேரில் விட்டுவிட்டு ஃப்ரீவேயில் ஏறினால், முன்னால் நிற்கும் காரின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே அரை ஆயுள் போயிற்று. என் கிரீன் கார்டுக்கு அந்தக் கிளினிக்தான் ஸ்பான்சர். அதனால் அங்கே தும்முவதற்குக்கூட யோசிப்பேன்.

கிளினிக்கின் தலைவி டாரத்தி. அறுபதை ஒட்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. இளம் வயதில் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நோயாளிகளின் கோப்பை நின்றுகொண்டே படிப்பார், ஒரு காலில் சாய்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. சத்தம் போடமாட்டார். ஏதாவது எண் அவருக்கு உதைத்தால் ஒரே ஒரு கேள்விதான்: "இதை யார் அளந்தது?" அந்தக் கேள்விக்குப் பயந்து நான் பாத்ரூமில் போய் நின்ற நாள் உண்டு. எங்கள் பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். இங்கே என் பாஷையில் எழுதுகிறேன்.

தோளை அளப்பதற்கு டாரத்தி வைத்திருந்த முறையைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் என் தப்பு புரியாது. கோணமானி என்பது இரண்டு பிளாஸ்டிக் பட்டைகளை நடுவில் திருகி, வட்டத்தைச் சுற்றி டிகிரி போட்ட ஒரு சாமான். நோயாளி மல்லாந்து படுக்க வேண்டும். மேற்கையைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கினால் முஷ்டி கூரையைப் பார்க்கும். மேற்கைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று. முழங்கை மேசையின் விளிம்புக்கு வெளியே வந்திருக்க வேண்டும். இப்போது முஷ்டியைத் தலைப்பக்கமாகப் பின்னால் சாயவிட வேண்டும். எவ்வளவு சாய்கிறதோ அதுதான் எண். மேசை மட்டத்துக்கு வந்தால் தொண்ணூறு. சாதாரண மனிதர்களுக்கு அவ்வளவுதான் போகும். அளக்கும்போது இன்னொரு கை தோளின் முன்பக்கத்தை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். முதுகை வளைத்துக் கள்ளத்தனம் பண்ணுவார்கள்.

இதெல்லாம் எல்லா ஊரிலும் உண்டு. டாரத்தியின் தனி வழக்கம் வேறு. அளப்பதற்கு முன்னால் கோப்பின் தாளை மடித்து, போன வாரத்து எண்ணை மறைத்துவிட வேண்டும். அளந்து, கோணமானியைக் கீழே வைத்து, மறுபடி எடுத்து அளந்து, எழுதிய பிறகுதான் மடிப்பைப் பிரிக்கலாம். "போன வாரம் எழுபதுன்னு தெரிஞ்சா இந்த வாரம் உன் கண்ணுக்கு எழுபத்தஞ்சுதான் தெரியும் எஸ்தர். நீ கெட்டவ இல்ல, ஆசைப்படுறவ. அதான் மடிக்கச் சொல்றேன்" என்பார். நானும் மடித்தேன். அந்தக் கிளினிக்கில் என்னைப் போல ஒழுங்காகத் தாள் மடித்தவர் கிடையாது.

தொண்ணூற்று எட்டின் இலையுதிர் காலத்தில் யோரான் வந்தார். ஸ்வீடன்காரர், முப்பத்தொன்பது வயது. மேசையில் படுத்தால் கால் வெளியே தொங்கும். ஒரு ஸ்டூலைப் போட்டு நீட்டிவைப்போம். அவர் மனைவிக்குச் சான் ரமோன் ஆபீஸ் பார்க்கில் ஒரு டெலிபோன் கம்பெனியில் பெரிய வேலை. இவர் டிபென்டென்ட் விசா, வேலைக்குப் போக அனுமதி இல்லை. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, மதியம் கூட்டி வருவது, துணி துவைக்கப் போடுவது. எங்கள் அபார்ட்மென்டில் எம்.எஸ்சி. படித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் முகத்தில் இருந்த அதே அலுப்பு இந்த ஆறடி ஐந்தங்குல ஆண் முகத்தில் இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தொழில் என்ற இடத்தில் "முன்பு ஹேண்ட்பால்" என்று எழுதியிருந்தார். வரவேற்பில் இருந்த மரியா, சுவரில் பந்தைக் கையால் அடித்து விளையாடுவார்களே, அது என்று நினைத்தாள். நான் எங்கள் பள்ளியில் வலைக்கு மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கிற விளையாட்டு என்று நினைத்தேன். அவர் பெருமூச்சு விட்டு, என் பேனாவை வாங்கி, துண்டுக் காகிதத்தில் வரைந்து காட்டினார். மூடிய அரங்கம், பக்கத்துக்கு ஏழு பேர், கால்பந்து மாதிரி ஒரு கோல். ஓடிவந்து எம்பி, அந்தரத்தில் நின்றபடி கையைத் தலைக்குப் பின்னால் இழுத்து எறிய வேண்டும். தப்பு ஆட்டத்துக்கு ஏழு மீட்டர் கோட்டில் இருந்து ஒரு தனி எறி. எறிபவரும் கோல்கீப்பரும் மட்டும்தான் அப்போது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தாறு ஐரோப்பிய இன்ஜினியர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் விளையாடி, வலது தோள் இரண்டு முறை கழன்றுவிட்டது. தளர்ந்த சவ்வை இறுக்கித் தைக்க சர்ஜன் தேதி குறித்திருந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு முறை அளந்து வைப்பது வழக்கம். அளந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கையைப் பின்னால் விட்டார். இடது தொண்ணூற்று நான்கு. வலது நூற்று இருபத்திரண்டு. இரண்டு தடவை அளந்தேன், அதே எண். முஷ்டி மேசைக்குக் கீழே போய்த் தரையைப் பார்த்தது. "தோள் கழன்றதால் அளவுக்கு மீறிய தளர்ச்சி" என்று பக்கத்தில் எழுதினேன். சிகிச்சையின் இலக்கு என்ற இடத்தில், எல்லாருக்கும் எழுதுவதையே எழுதினேன்: "வலது தோளை இடது தோளுக்குச் சமமாகக் கொண்டுவருதல்."

எழுதும்போது ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

நோயாளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதவும் ஒரு கட்டம் உண்டு. கேட்டேன்.

"எங்க ஊர்ல பழைய அரங்கத்தை இடிக்கப்போறாங்க. அடுத்த வருஷம் கடைசி ஆட்டம். பழைய ஆளுங்க எல்லாம் ரெண்டு அணியாப் பிரிஞ்சு ஆடப்போறோம். அதுல ஒரு தடவை எறியணும்" என்றார் யோரான்.

"எறிஞ்சா போதுமா?"

"போதாது. எதிர்ப்பக்க கோல்ல பெர் நிப்பான். பன்னிரண்டு வருஷம் ஒரே அணியில இருந்தோம். பயிற்சியில தினமும் என் பந்தைத் தடுக்கிறதுதான் அவன் வேலை. என் கை போச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சா விட்டுக்கொடுத்துடுவான். ஊரே எழுந்து நின்னு கைதட்டும். அப்படி ஒரு கோல் போடுறதுக்கு நான் இங்கேயே துணி மடிச்சுட்டு இருந்துடுவேன். அவன் உண்மையாவே தடுக்கப் பார்க்கணும். அந்த மாதிரி ஒரே ஒரு எறி வேணும் எனக்கு."

நான் சிரித்துவிட்டேன். இன்சூரன்ஸ்காரனுக்கு இதையெல்லாம் எழுத முடியாது. "தலைக்கு மேலே உள்ள அலமாரியிலிருந்து பொருள் எடுக்க வேண்டும்" என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். அலமாரி எழுதினால் கேள்வி கேட்கமாட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து கையைத் தூளியில் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, மரியா கதவைத் திறந்து, அந்த ஸ்வீடன் பெயரை இங்கிலீஷ் எழுத்துப்படி படித்து, வழக்கம்போல "கோரான்!" என்று கூப்பிட்டாள். காத்திருப்போர் நாற்காலியில் ஒரு கிழவர் இருந்தார், மகளைப் பார்க்க ஸ்வீடனிலிருந்து வந்து இடுப்பு பிடித்துக்கொண்டவர். தடி இல்லாமல் எழ முடியாத மனிதர். யோரானைப் பார்த்ததும் தடியை விட்டுவிட்டு எழுந்து நின்றார். நான் பதறிப்போய் ஓடினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லி, யோரானின் இடது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பிறகு தூளியில் கிடந்த வலது கையைப் பிறந்த குழந்தையைத் தொடுவது போலத் தொட்டார்.

"யார் இவர்? நடிகரா?" என்று மரியா வாயைப் பிளந்தாள்.

கிழவர் அவளைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னார்: "நீங்க இவர் பேரையே தப்பாக் கூப்பிடுறீங்க. எங்க நாட்டுல இவர் ஆடுற அன்னிக்கு ரோட்டுல ஆள் நடமாட்டம் இருக்காது. என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கடைசியாக் கிடந்தா. டி.வி.யைப் போடுங்க, யோரான் ஆடுறான்னு சொன்னா. போட்டோம். அவ பார்த்தா."

யோரான் நிமிர்ந்து நின்றார். அவர் அவ்வளவு உயரம் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே வந்து மேசையில் படுத்தார். "எங்க ஊர்ல ஒரு பாக்கெட் பால் வாங்கிட்டு வர ஒரு மணி நேரம் ஆகும் எஸ்தர். எல்லாருக்கும் ஏதாவது சொல்லணும், கையெழுத்து கேப்பாங்க. எரிச்சலா இருக்கும். இங்க பத்து நிமிஷத்துல வந்துடுறேன். மொதல்ல சந்தோஷமா இருந்துச்சு" என்றார். பிறகு சந்தோஷமா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அடுத்த நோயாளி காத்திருந்தார்.

நான்கு மாதம். வாரத்துக்கு மூன்று நாள். தாளை மடித்தேன், அளந்தேன், எழுதினேன், பிரித்தேன். முப்பது, நாற்பத்தைந்து, அறுபது என்று ஏறியது. தொண்ணூற்று இரண்டு வந்த அன்று இடது கைக்குக் கிட்டத்தட்ட சமம். இலக்கு நிறைவேறியது என்று எழுதி மூடினேன், கீழே டாரத்தி கையெழுத்துப் போட்டார். யோரான் ஒற்றைக் கையால் என்னை அணைத்துக்கொண்டார். அன்றைக்கு ஃப்ரீவேயில் பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஏழு வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றார். இடுப்பில் ஒரு பந்து இடுக்கியிருந்தது. "அஞ்சு நிமிஷம் வெளிய வா" என்றார்.

கிளினிக்குக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு வெற்றுச் சுவர் உண்டு. அதற்கு எதிரே போய் நின்று, மூன்றடி ஓடி எம்பினார். உடம்பு முழுக்கச் சரியாகத்தான் எழுந்தது. கை மட்டும் பின்னால் போகவில்லை. காதுக்குப் பக்கத்தில் எதன் மேலோ இடித்தது போல நின்றுவிட்டது. பந்து சுவர் வரைக்கும்கூட ஒழுங்காகப் போகாமல் முன்னாலேயே விழுந்து உருண்டது. மூன்று தடவை எறிந்தார். மூன்றும் அதே கதி. நான் போய்ப் பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

"இது நல்ல கை எஸ்தர். வலியே இல்ல. மளிகைப் பை தூக்க அருமையான கை. ஆனா இது என் கை இல்ல" என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன், மெதுவாகத்தான் சொன்னார்.

உள்ளே வந்து அவர் கோப்பை எடுத்தேன். இந்த முறை எதையும் மடிக்கவில்லை. முதல் பக்கத்துக்குப் போனேன். நூற்று இருபத்திரண்டு. என் கையெழுத்து. அப்போதுதான் உறைத்தது. அது நோயில்லை. எட்டு வயதிலிருந்து எறிந்து எறிந்து அவர் சம்பாதித்த கை அது. எறிகிறவனின் தோள் ஊராரின் தோளும் இல்லை, அவனுடைய இடது தோளும் இல்லை. அதை நான் பிடித்து இழுத்து, அலமாரியிலிருந்து டப்பா எடுக்கிறவன் அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, இலக்கு நிறைவேறியது என்று எழுதியிருக்கிறேன். நான்கு மாதமாகப் போன வாரத்தை ஒழுங்காக மறைத்தவள், முதல் நாளை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை ரூத்தைக் கணவர் ஜெபராஜிடம் விட்டுவிட்டுப் பல்கலைக்கழக மருத்துவ நூலகத்துக்குப் போனேன். ஹேண்ட்பால் பற்றி எதுவும் கிடைக்கவில்லை. பேஸ்பால் எறிகிறவர்களைப் பற்றி இருந்தது. எறிகிற தோள் மற்றதைவிட அதிகம் பின்னால் போகும் என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்துத் தெருப் பையன்கள் எல்லாரும் பேஸ்பால் ஆடுகிற நாட்டில் ஏழு வருடம் இருந்துவிட்டு இது தெரியாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டேன், நூலகத்திலேயே.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன், டாரத்தியிடம் ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று.

"ஒனக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு?" என்றார் ஜெபராஜ். பதறினால் அவருக்குத் திருநெல்வேலி வந்துவிடும். "கேஸு குளோஸ் ஆயாச்சு. டாக்டர் ஒண்ணும் சொல்லல, டாரத்தி ஒண்ணும் சொல்லல. கார்டு கைக்கு வரட்டும் எஸ்தர். ஒரு ஆறு மாசம் வாயப் பொத்திக்கிட்டு இருக்கக் கூடாதா?"

"ஆறு மாசத்துல அந்த மனுஷனுக்கு மேட்ச் முடிஞ்சிரும்ங்க."

"வெளையாட்டுதானே?"

"அவருக்கு அது ஒண்ணுதான் இருக்கு. நான்தான் அதைக் கெடுத்தேன்" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து அடுக்களைக்குப் போனார். எனக்காகக் காபி போட்டார், சர்க்கரையை மறந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை டாரத்தி முன்னால் கோப்பை விரித்து வைத்தேன். நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். நூற்று இருபத்திரண்டின் மேல் விரலை வைத்தார்.

"இதை யார் அளந்தது?"

"நான்தான்."

"சரியா அளந்திருக்கே. இந்த இலக்கை யார் எழுதினது?"

"அதுவும் நான்தான்."

"கீழே யார் கையெழுத்து?"

அது அவருடையது. டாரத்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவை. "தாளை மடிக்கச் சொல்லிக்குடுத்த நான், பிரிச்சுப் படிக்கச் சொல்லிக்குடுக்கல. சர்ஜனுக்குக் கடிதம் எழுது. இலக்கு தப்பு, தப்பு நம்மளுதுன்னு எழுது. ரெண்டு பேர் பேரும் போடு" என்றார். கிரீன் கார்டைப் பற்றி அவர் பேசவில்லை, நான் கேட்கவும் இல்லை. அது பிறகு வழக்கமான தாமதத்தோடு வந்து சேர்ந்தது. அந்த வருடம் முழுக்க நான் பயந்துகொண்டிருந்தது மட்டும் மிச்சம்.

சர்ஜன் தொலைபேசியில் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். "இறுக்கித் தைக்கிறதுக்குத்தான் ஆபரேஷன் பண்ணேன். நீ அதைப் பிரிக்கப் பார்க்கிறியா? மறுபடி கழண்டா உன் பேரைத்தான் சொல்வேன்" என்றார். பேஸ்பால் கட்டுரைகளை ஃபேக்ஸ் பண்ணினேன். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். வாரத்துக்கு இரண்டு டிகிரிக்கு மேல் போகக் கூடாது, நோயாளிக்குப் பயம் தெரியும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும் என்றார்.

டாரத்தி மதிய இடைவேளையை எங்களுக்குக் கொடுத்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே எத்தனை நாள்! இருபது நிமிடம் சூடு வைத்து, மணிக்கட்டில் சின்ன எடையைக் கட்டி, கை தன் பாரத்தாலேயே பின்னால் சரிவதற்காகக் காத்திருப்போம். இழுத்தால் ஆபத்து. அவர் படுத்திருப்பார், நான் தோளின் முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பேன். எலும்பு முன்னால் நழுவுகிறதா என்று அந்த உள்ளங்கைக்குத்தான் முதலில் தெரியும். பேச்செல்லாம் தீர்ந்துபோய், இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். தொண்ணூற்று ஆறு. தொண்ணூற்று ஒன்பது. நூற்று மூன்றில் மூன்று வாரம் அசையவே இல்லை.

நூற்று ஒன்பதில் ஒரு நாள் என் உள்ளங்கைக்கு அடியில் எலும்பு லேசாக முன்னால் வந்தது. யோரானின் முகம் வெளுத்துவிட்டது. கையைத் தாங்கிப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தேன். கழலவில்லை.

"இதுக்கு மேல இல்ல யோரான்."

"நூத்தி இருபத்திரண்டு?"

"அது உங்க கிட்ட இருந்துச்சு. நான் தொலைச்சுட்டேன். திருப்பித் தர என்னால முடியல. மன்னிச்சிருங்க."

எழுந்து உட்கார்ந்தார். வலது கையைத் தூக்கி, அந்த நூற்று ஒன்பதில் நிறுத்தி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதிமூணு டிகிரிக்கு வேற ஏதாவது கண்டுபிடிக்கிறேன். மணிக்கட்டு இருக்கு. இடுப்பு இருக்கு" என்றார். என் எதிரில் அவர் பிறகு பந்தைத் தொடவில்லை. இரண்டு மாதத்தில் ஊருக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு எங்கள் கிளினிக்கில் ஒரு வழக்கம் கூடியது. ஒவ்வொரு மாத முதல் நாளும் எல்லாக் கோப்பிலும் முதல் பக்கத்தைப் பிரித்துப் படிக்க வேண்டும். டாரத்தி இரண்டாயிரத்து ஒன்றில் கிளினிக்கை விற்றுவிட்டுப் போகும் வரை அது நடந்தது. வாங்கியவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கும் சமயத்தில் ஸ்வீடன் தபால்தலையோடு ஒரு வீடியோ கேசட் வந்தது. உள்ளே கடிதம் எதுவும் இல்லை. அந்த ஊர் கேசட் நம் வி.சி.ஆரில் ஓடாது. ஊரிலிருந்து கல்யாண கேசட் வந்தால் மாற்றித் தருகிற இந்தியக் கடையில் கொடுத்தேன். "என்ன ஆன்ட்டி, வெள்ளக்காரக் கல்யாணமா?" என்று கடைப் பையன் கிண்டல் பண்ணினான். ஒரு வாரம் இழுத்தடித்தான். அந்த ஒரு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, புடவையைக்கூட மாற்றாமல் போட்டுப் பார்த்தேன். ரூத் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெபராஜ் அடுக்களையில் தம்பியோடு போனில் இருந்தார். அரங்கம் நிரம்பி வழிந்தது. யோரான் பெயரைச் சொன்னதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அந்தச் சத்தத்தில் டி.வி.யே கரகரத்தது.

"இஸ் தட் யுவர் பேஷன்ட், அம்மா? ஒய் ஆர் தே க்ரையிங்?" என்றாள் ரூத்.

"பேசாம பாரு."

ஆட்டத்தில் அவர் ஓடினார், பந்தை மற்றவர்களுக்குக் கொடுத்தார், எறியவே இல்லை. கடைசியில் ஏழு மீட்டர் எறி ஒன்று கிடைத்தது. கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கால்களால் தரையைத் தட்டியது. யோரான் கோட்டில் வந்து நின்றார். கோலில் தொப்பை விழுந்த ஒரு மனிதர். பெர். எறிந்தார். யோரானின் கை பின்னால் போன தூரத்தை என் கண் தானாக அளந்தது. பந்து சுமாரான வேகத்தில்தான் போனது. பெர் வேண்டுமென்றே மறுபக்கம் சாய்ந்தார். பந்து உள்ளே போய் விழுந்தது. அரங்கமே அலறியது. யோரான் பயந்தது அப்படியே நடந்துவிட்டது.

யோரான் கையைத் தூக்கவில்லை. நேராகக் கோலுக்குள் நடந்து போய், வலையிலிருந்து பந்தை எடுத்தார். பெரின் முகத்துக்கு அருகில் குனிந்து ஏதோ சொன்னார். திரும்பி வந்து அதே கோட்டில் நின்றார். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கூட்டம் அடங்கிவிட்டது. பெர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் விரித்து நின்றார். இப்போது அவர் நின்ற விதமே வேறாக இருந்தது.

நடுவர் விசில் ஊதினார். யோரான் இடுப்பைத் திருப்பினார், உடம்பு முழுவதையும் பின்னால் கொண்டுபோனார், கடைசியில் மணிக்கட்டை எப்படியோ சொடுக்கினார். பந்தை நான் பார்க்கவே இல்லை. பெர் ஒரு காலைத் தலை உயரத்துக்கு வீசினார். படார் என்று ஒரு சத்தம். பந்து அவர் முழங்காலில் பட்டுக் கூரைப் பக்கம் எழும்பிப் போனது. பெர் தடாலென்று விழுந்தார். யோரான் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கிளினிக்கில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

நான் என்னை அறியாமல் கத்திவிட்டேன் போலிருக்கிறது. ஜெபராஜ் போனோடு ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு? உள்ள போச்சா?"

"இல்லங்க" என்றேன், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தடுத்துட்டான். நெசமாவே தடுத்துட்டான்!"